இடப்பக்கத்து இருக்கை

என் மாமனார் ஓட்டும் காரில் அவருக்கு இடப்பக்கம் அமர்கிறவர் சும்மா அமர்ந்திருக்க இயலாது. சாலை முனை எதுவாயினும் அவர் வண்டியை முழுமையாக நிறுத்துவார். வலப்பக்கத்தைத் தாம் பார்ப்பார். பார்த்தபடியே, "லெஃப்ட்?" என்று கேட்பார். இடப்பக்கத்தில் இருப்பவர் கழுத்தைத் திருப்பிச் சாலையைப் பார்த்து, ஒன்றும் வரவில்லை என்று உறுதியானபின் "கிளியர்" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகே வண்டி நகரும். மணமான புதிதில் ஒருமுறை நான் "போலாம் மாமா" என்றேன். வண்டி நகரவில்லை. பின்னால் ஒரு மாட்டுவண்டிக்காரர் நாக்கைச் சொடுக்கிக்கொண்டு காத்து நின்றார். என் மனைவி பின்னிருக்கையிலிருந்து என் தோளைக் கிள்ளி, அந்தச் சொல்லை எனக்கு எடுத்துக்கொடுத்தாள். சொன்னேன். நகர்ந்தது.

கல்லூரியில் தமிழ் கற்பிப்பவனாகிய நான் அச்சொல்லை இங்கே பெயர்த்து எழுதியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் அது கதவுத் தாழ்ப்பாளைப் போல் புழங்கிய ஒரு பொருள். வேறொன்றை அதன் இடத்தில் வைத்தால் கதவு பூட்டாது.

மாமனார் இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். மீசை சரியாக முளைக்காத வயதில் விமானப் படையில் சேர்ந்து, பர்மாப் போர்முனையில் மலைக்காடுகளின் மேல் பறந்தார். போர் முடிந்து செங்கல்பட்டுக்குத் திரும்பியவர், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையோரம் ஒரு ஐஸ் ஆலையை நிறுவினார். அக்கரையின் மீனவர்கள் அதுவரை பிடித்த மீனை உப்பிலிட்டோ கிடைத்த விலைக்குத் தள்ளியோ வந்தவர்கள். அவர் வந்த பின் அவர்களுடைய மீன் சென்னை வரை கெடாமல் சென்றது. அதனால் அவரை மதித்தார்கள். ஆனால் ஆலையின் வாயிற்கதவு குறித்த மணிக்கு மூடப்படும். கடல் கொந்தளித்துப் படகு தாமதமானாலும், கூடை கூடையாக மீன் வெளியே காத்துக்கிடந்தாலும், மூடிய கதவு திறக்காது. "வானத்துல லேட்டா வந்தா செத்துப்போவான். இவன் லேட்டா வந்தா மீன்தானே நாறும்?" என்பார்.

ஆலையில் இயந்திரம் பார்த்த மூத்த தொழிலாளி ஒருவர் மாமனாரின் முதுகுக்குப் பின்னால் எங்களிடம் சொல்வார்: "மொதலாளி அப்போ மேல பறந்துகினு இருந்தாரு. இப்பவும் மேலதான் கீறாரு. இன்னா, இப்ப நம்ம தலை மேல."

வீட்டில் அவர் வேறு மனிதர் என்று சொல்ல முடியாது. ஆயினும் அங்கே அவருடைய கண்டிப்பில் ஒரு கலகலப்பு இருந்தது. நுங்குக் காலத்தில் மாமியாருக்குத் தம் கையாலேயே தோல் உரித்துக் கொடுப்பார். ஞாயிறுதோறும் எங்கள் எல்லாரையும் காரில் ஏற்றிக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வார். மணலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, மீனம்பாக்கம் நோக்கிச் செல்லும் விமானங்களின் ஒலியை மட்டும் கேட்டு, எத்தனை எஞ்சின், இறங்குகிறதா ஏறுகிறதா என்று சொல்வார். என் மகள் அவர் கண்களைத் தன் பாவாடை நுனியால் மூடிவிட்டுச் சோதிப்பாள். அவர் தவறியதே இல்லை. அந்த விளையாட்டு எங்களுக்கு எதை மறைத்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

தலைதீபாவளி விருந்தில், பாயசம் பரிமாறப்படும் வேளையில், அவர் எனக்கு அந்தச் சொல்லின் கதையைச் சொன்னார். அவர் ஓட்டியது இருவர் அமரும் விமானம். பின்னிருக்கையில் இருப்பவனுக்கு வானத்தைக் கண்காணிப்பதே வேலை. ஒருநாள் இவர் "லெஃப்ட்?" என்று கேட்டார். அவன் கிளியர் என்றான். பார்க்காமல் சொல்லியிருந்தான். இடப்பக்கத்திலிருந்து வந்த எதிரி விமானம் இவர்களோடு இணையாகப் பறந்த விமானத்தை எரித்துக் காட்டில் வீழ்த்திவிட்டது. அதில் இருந்த இருவரும் இவருடைய நண்பர்கள்.

"இறங்கின உடனே அவன் மேல புகார் கொடுத்தேன். தரை வேலைக்கு அனுப்பிட்டாங்க. எனக்கு அது போதல. அவனோட ஒருத்தரும் பேசக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். சாப்பாட்டு மேசையில அவன் உக்காந்தா நாங்க எழுந்திருப்போம். கொஞ்ச நாள்தான். ஒரு காலையில கூடாரத்துக் கம்புல தொங்கிக்கிட்டிருந்தான்."

"நல்ல நாளும் அதுவுமா இது எதுக்கு இப்போ?" என்றார் மாமியார்.

"நல்ல நாள்லதான் சொல்லணும். மாப்பிள்ளைக்குத் தெரிய வேணாமா, எந்த வீட்ல பொண்ணு எடுத்திருக்காருன்னு?" என்று சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவன் சரியாத்தான் செஞ்சான் மாப்பிள்ளை. இன்னும் கொஞ்சம் பாயசம் போட்டுக்கங்க."

எதிரே அமர்ந்திருந்த என் மைத்துனன், அவருடைய ஒரே மகன், இலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அக்கதையை அவன் பிறந்தது முதல் கேட்டு வந்தவன். பட்டப்படிப்பை முடித்ததும் ஆலைக்கு வந்துவிட்டான். காலை தோறும் தந்தைக்கு இடப்பக்கம் அமர்ந்து, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரை வரை, ஒவ்வொரு முனையிலும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு போனான். அந்த நாட்களில் அச்சாலைகளில் இடப்பக்கத்திலிருந்து வருவது பெரும்பாலும் ஒரு மிதிவண்டியாகவோ தழை ஏற்றிய மாட்டுவண்டியாகவோ இருக்கும். பார்த்துச் சொன்னாலும் பார்க்காமல் சொன்னாலும் விளைவு ஒன்றே. ஆண்டுகள் செல்லச் செல்ல அச்சொல் அவன் வாயிலிருந்து கேள்வி முடிவதற்குள் வெளிவரத் தொடங்கியது. தும்மியவனைப் பார்த்து நூறாயுசு என்கிறோமே, அதைப் போல.

இதற்கிடையில் வீட்டு வாயிலின் இடப்பக்கத் தூணில் கார் உரசத் தொடங்கியது. முதல் முறை மாமனார் தூணைக் கட்டிய கொத்தனாரை வரவழைத்து, நூல் பிடிக்கத் தெரியாதவன் என்று தெருவே கேட்கத் திட்டினார். இரண்டாம் முறை தூணை இடித்து ஒரு முழம் தள்ளிக் கட்டச் செய்தார். கொத்தனார் மறுபேச்சின்றித் தம் செலவிலேயே கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாம் முறை உரசியபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாமியார் மட்டும் அன்றிலிருந்து பின்னிருக்கையில் இடப்பக்கச் சன்னலோரத்தைத் தமக்கென்று பிடித்துக்கொண்டார். ஆலைக்கும் அவ்வப்போது உடன் செல்லத் தொடங்கினார். வேடிக்கை பார்க்க ஆசைப்படுகிறார் என்று நாங்கள் கேலி செய்தோம். "ஆமா, வயசான காலத்துல எனக்கு வேற என்ன வேலை?" என்பார்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகவும் வழவழப்பாகவும் போடப்பட்டது. திருக்கழுக்குன்றத்துச் சாலை அதைச் சந்திக்கும் முனையில், முன்பு ஆடுகள் படுத்திருந்த இடத்தில், சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் பேருந்துகள் இரைச்சலோடு பறந்தன. எங்கள் ஆலைக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். சென்னைப் பேருந்துகள் இடப்பக்கத்திலிருந்து வரும்.

ஆயுத பூசையன்று ஆலையின் இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவதற்காக நாங்கள் நால்வர் சென்றோம். மாமனார் ஓட்டினார். மைத்துனன் அவருக்கு இடப்பக்கம். பின்னால் மாமியார், மடியில் சுண்டல் தூக்கோடு, தம் வழக்கமான சன்னலோரத்தில். நான் அவருக்கு வலப்பக்கம். என் மனைவி மகளுக்குக் காய்ச்சலென்று வீட்டில் தங்கிவிட்டாள்.

புறப்பட்டது முதல் மாமனார் மகனைத் திட்டிக்கொண்டு வந்தார். முந்தின நாள், ஐஸ் அச்சுகளைச் சுற்றி நின்று குளிரூட்டும் உறைதொட்டி நீரில் உப்பு குறைந்துவிட்டது. ஐஸ் பாதி உறைந்து, எடுக்கும்போதே நொறுங்கியது. மீனவர்கள் ஆலை வாயிலில் நின்று சிரித்தார்களாம்.

"உப்பு போடத் தெரியாதவன் ஐஸ் போட வந்துட்டான். உனக்கெல்லாம் எதுக்குடா பட்டப்படிப்பு? சோத்துல உப்பு இல்லன்னா மட்டும் தெரியுதுல்ல?"

"சரிப்பா."

"என்ன சரி? நேத்து சொன்னியா, உப்பு இறங்கிடுச்சுன்னு? வாய்ல கொழுக்கட்டையா?"

"இல்லப்பா."

முனை வந்தது. கார் நின்றது. வசவின் அதே மூச்சில் "லெஃப்ட்?" என்றார். மைத்துனன் தலை குனிந்தபடியே, சரிப்பா என்றும் இல்லப்பா என்றும் சொல்லிவந்த அதே குரலில், "கிளியர்" என்றான். அந்தக் கணத்தில் மாமியார் முன்னால் சாய்ந்து, திட்டு வாங்கிய மகனின் தோளில் கை வைத்திருந்தார். அவர் பார்வை சாலையில் இல்லை. மகனின் பிடரியில் இருந்தது.

கார் சாலையில் ஏறியது. பேருந்து இடப்பக்கப் பின்கதவில் மோதியது. நான் விழித்துப் பார்த்தபோது கார் சாலையோரச் சவுக்கு மரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. வண்டிக்குள்ளும் சாலையிலும் சுண்டல் சிதறிக் கிடந்தது. மாமியாருக்கு உயிர் இல்லை. மற்ற மூவருக்கும் சிராய்ப்புகளே. ஓடிவந்தவர்களில் ஒருவர், தோளில் வலையோடு, மாமனாரின் முகத்துக்கு நேரே கத்தினார்: "இன்னாயா பெரிசு, இந்தாண்ட பாக்கவே மாட்டியா நீ? அம்மாம் பெரிய பஸ்சு வந்துகினு கீது, கண்ணு எங்க வச்சிகினு இருந்த?"

மாமனார் மனைவியின் உடலைத் தாண்டி மகனைப் பார்த்தார்.

"கிளியர்னு சொன்னே" என்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவினர்கள் உணவு உண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த வேளையில், அவர் கூடத்தின் நடுவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். மகனை எதிரே நிற்கச் சொன்னார். என்னை அழைத்து அருகில் நிறுத்தினார். படையில் விமானம் விழுந்தால் விசாரணை நடத்துவார்களாம்; அப்படி ஒன்றை நடத்தினார்.

"மாப்பிள்ளை, நீங்க கூட இருந்தீங்க. நான் வண்டியை நிறுத்தினேனா இல்லையா?"

"நிறுத்தினீங்க."

"லெஃப்ட்டுன்னு கேட்டேனா?"

"கேட்டீங்க. ஆனா மாமா, அப்போ அவனைத் திட்டிக்கிட்டு..."

"கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க. இவன் என்ன சொன்னான்?"

"கிளியர்னு சொன்னான்."

"பாத்துச் சொன்னானா?"

நான் விடை சொல்லுமுன் மைத்துனனே சொன்னான்: "பாக்கலப்பா."

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்?" என்று மாமனார் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "பெத்தவளைக் கொன்னவன் அவனே ஒத்துக்கிட்டான். இனிமே இதுல பேச ஒண்ணுமில்ல."

என் மனைவி ஓடிவந்து தந்தையின் கால்களைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் கைகளை மெல்ல விலக்கினார். வன்மையாகக்கூட விலக்கவில்லை; ஆடையில் ஒட்டிய பஞ்சைத் தட்டுவதுபோல் விலக்கினார்.

அன்று முதல் அவர் கார் ஓட்டுவதை நிறுத்தினார். இடப்பக்கத்துச் சொல்லை நம்ப முடியாத வீட்டில் எப்படி ஓட்டுவது என்று எல்லாரிடமும் காரணம் சொன்னார். ஓட்டுநர் ஒருவரை அமர்த்தினார். பழுதுபார்க்கப்பட்ட அதே காரில் தாம் முன்னே அமர்ந்துகொண்டு, மகனைப் பின்னிருக்கையில் இடப்பக்கச் சன்னலோரத்தில், தாய் இறந்த இடத்தில், நாள்தோறும் அமரச் செய்தார். அவன் ஒருநாள் வலப்பக்கம் ஏறியபோது, "அந்தாண்ட நகரு" என்றார். நகர்ந்தான். வேலையை விட்டு வேறெங்கேனும் போய்விடு என்று நானும் மனைவியும் பலமுறை சொன்னோம். "எங்க போனாலும் அம்மா செத்தது செத்ததுதானே மாமா" என்பான். தந்தையின் தீர்ப்பை அவன் தண்டனையாகக் கொள்ளவில்லை, உண்மையாகக் கொண்டுவிட்டான்.

அவனுக்குப் பெண் பார்க்கும் பேச்சை என் மனைவிதான் எடுத்தாள். அச்சரப்பாக்கத்திலிருந்து நெல் வாணிகம் செய்பவர் ஒருவர் தம் மகளுக்காகப் பேச வந்தார். கலகலப்பானவர். வந்ததும் வராததுமாக மைத்துனனின் முதுகில் தட்டினார்.

"இன்னா தம்பி, ஐஸ் கம்பேனின்றாங்க, மொகம் மட்டும் வேத்துகினு கீதே!"

எல்லாரும் சிரித்தோம். அந்த வீட்டில் சிரிப்பு கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது. மைத்துனனும் சிரித்தான். காப்பி வந்தது. அப்போது மாமனார் தம் கோப்பையை நிதானமாகக் கீழே வைத்துவிட்டு அவரிடம் சொன்னார்:

"பொண்ணு கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. இவன் தன் அம்மாவைக் கொன்னவன். பாக்காம ஒரு வார்த்தை சொன்னான், அவ செத்தா. நாளைக்கு உங்க பொண்ணையும் இவன் பக்கத்துலதான் உக்கார வைக்கணும். யோசிச்சுக்கங்க."

வந்தவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாங்கள் மறுப்போமென்று எதிர்பார்த்திருக்கலாம். மைத்துனனே எழுந்து, "அப்பா சொல்றது சரிதாங்க" என்று சொல்லிவிட்டு ஆலைக்குப் புறப்பட்டான். அதன் பின் வேறு வீடுகளிலிருந்து வந்தவர்களிடமும் மாமனார் அதையே சொன்னார். சில காலம் கழிந்தபின் ஒருவரும் வரவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய பார்வை மங்கியது. செய்தித்தாளை மூக்குக்கு முன்னால் வைத்துப் படிக்கத் தொடங்கினார். மகனோடு போக மறுத்தார். ஆகவே நான் செங்கல்பட்டில் ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இளம்பெண், தெளிவாகப் பேசுபவர். நெடுநேரம் சோதித்தபின் வலக்கண்ணைப் பற்றிக் கூறிவிட்டு, "இடது கண்ணுக்கு எங்க பாத்துக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

"இடது கண்ணா?" என்றேன் நான்.

"அதுல நரம்பே செத்துப்போச்சு சார். கண்ணழுத்த நோய். இது நேத்து வந்ததில்ல. பத்துப் பதினஞ்சு வருஷமாவது ஆகியிருக்கும். அந்தப் பக்கம் இவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதே. வீட்ல யாருக்கும் தெரியாதா?"

மாமனார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "என் பெண்டாட்டிக்குத் தெரியும்."

மருத்துவமனை வாயிலில் ஆட்டோவுக்காக நின்றோம். வாயில் தூணும், பின்னிருக்கைச் சன்னலோரமும், எங்கள் கேலியும் என் மனத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இடம் மாறி அமர்ந்தன. அந்தச் சன்னலோரத்தில் மாமியார் வேடிக்கை பார்க்கவில்லை. கணவருக்காகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் கிளியர் என்றாலும், வண்டி வந்தால் அவர் இருக்கையைத் தட்டியிருப்பார். அன்று ஒரே ஒரு முறை, மகனைத் தேற்றக் கை நீட்டியபோது, அவர் பார்க்கவில்லை.

"அவன்கிட்ட இதைச் சொல்ல வேண்டாம் மாப்பிள்ளை" என்றார்.

"ஏன் மாமா?"

"ஒரு சாவுக்கு ஒரு குத்தவாளி போதும்."

நான் அன்று மாலையே ஆலைக்குச் சென்றேன். நொறுக்கும் இயந்திரத்தில் ஐஸ் பாளங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் நான் சொன்னது மைத்துனனுக்குக் கேட்கவில்லை. காதருகே குனிந்து மீண்டும் சொன்னேன். அவன் முகத்தில் எதுவும் மாறவில்லை. "அப்படியா" என்றான். வாயிலில் காத்திருந்த மீனவப் பெண்ணின் கூடையில் ஐஸை அள்ளிப் போட்டான். கூடை நிரம்பியும் போட்டுக்கொண்டே இருந்தான்.

"அண்ணாத்த, போதும் வுடு! மீன எங்க வெப்பேன், உன் தலையிலயா?" என்றாள் அவள்.

மறுநாள் ஓட்டுநரை நிறுத்திவிட்டான். தானே வண்டி ஓட்டப்போவதாகச் சொல்லி, என்னைத் தொலைபேசியில் அழைத்தான். "நீங்களும் வாங்க மாமா. சாட்சி வேணும்ல."

தந்தையைக் கைத்தாங்கலாக நடத்தி வந்து, முன்னே இடப்பக்கத்து இருக்கையில் அமர்த்தினான். சட்டைக் காலரைக்கூடச் சரி செய்துவிட்டான். அந்த முனை வந்ததும் வண்டியை முழுமையாக நிறுத்தினான். வலப்பக்கத்தைப் பார்த்தான்.

"லெஃப்ட்?" என்று கேட்டான்.

மாமனார் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லெஃப்ட், அப்பா?"

பின்னால் ஒரு மணல் லாரி வந்து நின்று ஒலியெழுப்பியது. பிறகு ஒரு வேன். லாரிக்காரர் தலையை வெளியே நீட்டினார்: "யோவ்! இன்னா, ரோட்ல படுத்துகினியா? வூட்ல பாய் இல்லியா?" மைத்துனன் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வந்தவனைப் போல அமர்ந்திருந்தான். தந்தையின் கழுத்து மெல்ல இடப்பக்கம் திரும்பியது. அவருடைய செத்த கண்ணும் சாகும் கண்ணும் அந்தச் சாலையை நோக்கின.

"தெரியல" என்றார்.

"எப்பலேருந்து?"

"உங்கம்மா போறதுக்கு ரொம்ப முன்னாடிலேருந்து."

மைத்துனன் தானே இடப்பக்கம் பார்த்தான், வண்டியை நகர்த்தினான். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டான், இத்துடன் முடிந்தது என்று நான் நினைத்தேன். அன்றிரவு மனைவியிடமும் அவ்வாறே கூறினேன்.

மறுநாளும் அவன் அந்த முனையில் நிறுத்தி, "லெஃப்ட்?" என்று கேட்டான். அதற்கடுத்த நாளும் கேட்டான். தந்தை "தெரியல" என்று சொல்லும்வரை எஞ்சினை எழுப்ப மாட்டான். சொன்னவுடன் பணிவாக, "சரிப்பா" என்று சொல்லி ஓட்டுவான். ஆலையில் அவருக்குச் செய்ய வேலை ஏதுமில்லை. ஆயினும் காலைதோறும் குளிப்பாட்டி, சலவைச் சட்டை அணிவித்து, வேளை தவறாமல் மாத்திரை கொடுத்து அழைத்துச் சென்றான். தந்தையை இப்படிப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். என் மனைவி ஒருநாள் அவனிடம் மன்றாடினாள்.

"போதும்டா தம்பி. ஒத்துக்கிட்டாரேடா."

"நானும்தான் ஒத்துக்கிட்டேன் அக்கா. அன்னிக்கே, எல்லார் முன்னாடியும். அவர் விட்டாரா?"

முதுமை அவரைப் படுக்கையில் தள்ளும்வரை அது நடந்தது. இறுதி நாட்களில் அவருக்கு இடமும் காலமும் குழம்பிவிட்டன. பார்வை முற்றிலும் போயிருந்தது. தாம் விமானத்தில் இருப்பதாகவோ காரில் இருப்பதாகவோ எண்ணிக்கொண்டார். கைகள் போர்வையின் மேல் எதையோ இறுகப் பற்றியபடி இருக்கும். "லெஃப்ட்?" என்று கேட்பார். விடைக்காகக் காத்திருப்பார். விடை வராததால் மீண்டும் கேட்பார். உணவு இறங்கவில்லை. மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தது. போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல், முனையில் நிறுத்திய வண்டியாக அவர் கிடந்தார்.

என் மனைவி அவர் காதருகே குனிந்து, "கிளியர்ப்பா" என்றாள்.

"நீ யாரு? இடது சீட்காரன் எங்க?" என்றார் அவர். "அவன் சொல்லட்டும்."

மைத்துனன் அறையின் வாசலில் நின்றிருந்தான். அவள் எழுந்து போய் அவன் கைகளைப் பற்றினாள். "ஒரே ஒரு வார்த்தைடா. உன் காலைப் பிடிக்கிறேன். சொல்லி அனுப்பி வைடா."

"பாக்காம சொல்லக்கூடாது அக்கா. அது அவர் போட்ட சட்டம்தான்."

"என்னடா பாக்கணும் இங்க?"

"அதான். பாக்க ஒண்ணுமில்ல. எதைப் பாத்துச் சொல்றது?"

குரலை உயர்த்தாமல் சொன்னான். தந்தையின் வாயில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினான், வழிந்ததைத் துடைத்தான், மீண்டும் வாசலில் போய் நின்றான். இரண்டு நாட்கள் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அத்தனை பேர் இருந்தும், அவர் யாரைக் கேட்டாரோ அவனிடமிருந்து ஒரு சொல்லும் எழவில்லை. மூன்றாம் நாள் விடியலில் கேள்வி பாதியில் நின்றது.

பாலாற்றங்கரையில் எரித்தோம். கொள்ளி வைத்தவன் கலங்கவில்லை. மறுநாள் அஸ்தியைக் கரைக்க மாமல்லபுரத்துக் கடலுக்குப் புறப்பட்டோம். வீட்டுக் காரை எடுக்க வேண்டாம் என்று என் மனைவி சொன்னதால் வாடகை வண்டி வைத்தோம். ஓட்டுநர் ஊரப்பாக்கத்து இளைஞர், எங்களை அறியாதவர். மைத்துனன் மஞ்சள் துணியில் கட்டிய மண்கலயத்தை மடியில் ஏந்தி, முன்னே இடப்பக்கம் அமர்ந்தான். நானும் மனைவியும் பின்னால்.

முனை வந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து வண்டியை நிறுத்தினார். இடப்பக்கத்திலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. மைத்துனனின் கழுத்து இடப்பக்கம் திரும்பியது. பேருந்துகள் எல்லாம் கடந்து சென்றன. சாலை வெயிலில் வெறுமையாக, வெகுதூரம் வரை தெரிந்தது. என் மனைவி என் கையைப் பற்றினாள். அவன் உதடுகள் பிரிவதைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். பிரிந்தவை மூடிக்கொண்டன. அவன் கலயத்தை இன்னும் சற்று இறுகப் பிடித்துக்கொண்டு ஓட்டுநரிடம் சொன்னான்:

"நீயே பாத்துக்கப்பா. நான் சொல்ல மாட்டேன்."

ஓட்டுநர் அவனை வியப்போடு பார்த்தார்; பிறகு சிரித்துவிட்டுக் கியரைத் தள்ளினார்.

"உன்ன யாரு சார் சொல்லச் சொன்னது? எனக்குத்தான் ரெண்டு கண்ணு கீதே."